ஒரு பாதிரியாரின் நூறு கையெழுத்துத் தொகுதிகள்: ஆங்கிலக் கவுண்டி வரலாற்றுக்கு ஓர் எளிய அறிமுகம்

இங்கிலாந்தின் ஏதாவதொரு சிற்றூரைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கத் தொடங்கினால், சீக்கிரமே ஒரு பாதிரியாரைச் சந்திப்போம். பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரராக இருப்பார். சுற்றுவட்டாரத் தேவாலயங்களுக்கெல்லாம் போய், கல்லறை எழுத்துகளையும் பழைய சாசனங்களையும் பார்த்து எழுதி, கட்டுக்கட்டாகக் காகிதங்களை விட்டுச் சென்றிருப்பார்.

இந்தக் காகிதங்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. வம்சாவளி தேடுபவர்களில் பலர், "அந்தக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். வேறு சிலர், "வேலையில்லாத பாதிரியார் எழுதிய ஊர்க்கதை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் காகிதங்கள் எந்த வகைப் பொருள் என்று பார்க்காமல் பேசுவதால்தான் இப்படி ஆகிறது. அதை அடியிலிருந்து விளக்கிப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டியைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிக் குவித்த வில்லியம் கோல் என்ற பாதிரியாரை வைத்துக்கொள்வோம்.

கரும்பலகையும் நோட்டும்

ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். ஒரு மாணவி தன் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். மணி அடித்ததும் பலகையை அழித்துவிடுகிறார்கள். நாளைக்கு அந்தப் பாடம் வேண்டுமென்றால் நோட்டைத்தான் பார்க்கவேண்டும். ஆனால் அந்த நோட்டில் பலகையில் இருந்ததை வார்த்தை மாறாமல் எழுதிய வரிகள் இருக்கும். அவசரத்தில் சுருக்கி எழுதியவை இருக்கும். பக்கத்து பெஞ்சில் காதில் விழுந்தவை இருக்கும். ஓரத்தில் ஆசிரியரைப் பற்றிய அவளுடைய சொந்த அபிப்பிராயமும் இருக்கலாம். எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. இந்த நோட்டு முழுவதும் சரியா தவறா என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்த வரி எங்கிருந்து வந்தது என்று வரி வரியாகக் கேட்டால் கிடைக்கும்.

பாதிரியாரின் காகிதங்களும் அப்படித்தான். அவற்றைப் படிக்க நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். நிகழ்வு நடந்த காலத்திலேயே, அதற்கான தேவைக்காக எழுதப்பட்டது மூலம்: ஒரு நில சாசனம், ஒரு ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறையில் வெட்டிய எழுத்து. அதைப் பார்த்து அப்படியே எழுதியது படி. நீளமான ஆவணத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து எழுதியது சுருக்கம். எழுதியவர் தானாகச் சொன்னது குறிப்பு.

கவுண்டி வரலாறு என்றால் என்ன?

கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. இங்கிலாந்தில் மரபாக 39 கவுண்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் பல பங்குகளாகப் பிரிந்திருக்கும். பங்கு என்பது ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊரும். அதோடு மேனர் என்று ஒன்று உண்டு: ஒரு பிரபுவின் நிலமும், அந்த நிலத்தின் குடியானவர்கள்மேல் அவருக்கிருந்த உரிமைகளும். பங்கின் எல்லையும் மேனரின் எல்லையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒரு பங்கில் மூன்று மேனர்கள் இருக்கலாம்.

வில்லியம் டக்டேல் 1656-இல் வெளியிட்ட வார்விக்ஷயர் வரலாறு இந்த வகை நூலுக்கு முன்மாதிரி ஆனது. ஊர் ஊராகப் போவது, ஒவ்வோர் ஊரிலும் மேனர் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஆவணம் காட்டிச் சொல்வது, பிறகு தேவாலயத்துக்குள் நுழைந்து கல்லறைகளையும் ஜன்னல் கண்ணாடிகளையும் விவரிப்பது. இன்று நாம் வரலாறு என்று சொன்னதும் எதிர்பார்க்கிற கதையோட்டம் இவற்றில் இருக்காது. அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் வேறு: இந்த நிலம் யாருடையது, இந்தக் குடும்பம் எவ்வளவு பழையது, இந்தத் தேவாலயத்துக்குக் குருவை நியமிக்கும் உரிமை யாருக்கு.

இவை பெரும்பாலும் முன்பணம் கட்டும் சந்தாதாரர்களை நம்பி அச்சான நூல்கள். தன் மாளிகையின் படம் நூலில் வரவேண்டும் என்று விரும்பிய நிலக்கிழார் அதைச் செதுக்கும் செலவை ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆகவே அச்சான கவுண்டி வரலாற்றில் நிலக்கிழார்களின் குடும்பம் பளிச்சென்று தெரியும். கூலியாளின் குடும்பம் தேடினாலும் கிடைப்பது அரிது. அச்சேறாத காகிதங்களை நான் அதிகம் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பணம் கொடுத்தவரைத் திருப்திப்படுத்தவேண்டிய கட்டாயம் அவற்றில் குறைவு.

ஏன் இத்தனை பாதிரியார்கள்?

லத்தீன் தெரியும், ஓய்வு நேரம் உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். சரிதான், ஆனால் அதைவிட அழுத்தமான காரணங்கள் உண்டு.

முதலாவது, பதிவேடு அவர் கையில்தான் இருந்தது. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கவேண்டும். அந்தப் பதிவேடு தேவாலயப் பெட்டியில் இருக்கும். 1598-இலிருந்து அதற்கு ஆண்டுதோறும் ஒரு படி எடுத்து ஆயருக்கு அனுப்பவேண்டும் என்ற விதியும் வந்தது. படியெடுப்பது பாதிரியாருக்குப் பொழுதுபோக்காக வந்ததற்கு வெகு முன்பே கடமையாக இருந்தது.

இரண்டாவது, அவருடைய வருமானம். பங்கின் விளைச்சலில் பத்தில் ஒரு பகுதி தசமபாகமாக தேவாலயத்துக்குச் சேரவேண்டும். எந்த வயல் கொடுக்கும், எந்த வயலுக்கு விலக்கு என்பதில் ஓயாத வழக்கு. வழக்கில் வெல்ல நூறு, இருநூறு வருடத்து ஆவணம் தேவைப்படும். தன் பிழைப்புக்காகப் பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகியவர், அப்புறம் ஆர்வத்தினாலும் படிக்கத் தொடங்குவது இயல்புதானே.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கவுண்டி வரலாறு என்பது நிலம், குடும்பம், தேவாலயம் ஆகியவற்றை ஊர்வாரியாக ஆவணத்தோடு சொல்வது. அந்த ஆவணங்களுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் பங்குப் பாதிரியார்.

வில்லியம் கோல்

கோல் 1714-இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் லிட்டில் அபிங்டனில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் படித்தபோதே கல்லறை எழுத்துகளைப் பார்த்து எழுதும் பழக்கம் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரி, பிறகு கிங்ஸ் கல்லூரி. பிளெட்ச்லியில் பல வருடம் குருவாக இருந்து, 1767-இல் அதை விட்டு, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வாட்டர்பீச்சுக்கும், பிறகு மில்டன் கிராமத்துக்கும் வந்து சேர்ந்தார். 1782 டிசம்பரில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். பெரிய அளவுத் தாளில் சுமார் நூறு தொகுதிகள். நானூறு பக்கத் தொகுதி ஒன்றை, நூற்றுக்கும் மேற்பட்ட குலச்சின்னப் படங்களோடு, ஆறு வாரத்தில் முடித்ததாக அவரே நண்பர் ஹொரேஸ் வால்போலுக்கு எழுதியிருக்கிறார். தன் தொகுதிகளே தனக்கு மனைவியும் பிள்ளைகளும் என்றும் அவருக்கு எழுதினார். கோல் மணமாகாதவர்.

இத்தனை எழுதியும் தன் பெயரில் ஒரு கவுண்டி வரலாற்றை அவர் வெளியிடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். ஜேம்ஸ் பென்தம் 1771-இல் வெளியிட்ட ஈலி பேராலய வரலாற்றில் கோலின் உழைப்பு நிறைய இருக்கிறது. அந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு தொகுதிக்குள் என்ன இருக்கும்?

கோலின் தொகுதி ஒன்றைத் திறந்தால் தேவாலயத்தின் கோட்டோவியம், அதற்குக் கீழே கல்லறை எழுத்துகள், ஜன்னல் கண்ணாடியில் இருந்த குலச்சின்னங்கள், ஆயர்களின் பதிவேட்டிலிருந்து எடுத்த சுருக்கங்கள், மேனர் ஆவணங்களின் படிகள், நண்பர்களின் கடிதங்கள், யாரோ ஒரு கல்லூரித் தலைவரின் குணத்தைப் பற்றிய காரமான குறிப்பு, இவையெல்லாம் அடுத்தடுத்து வரும். பக்கத்துக்குப் பக்கம் வகை மாறும்.

இங்கே குலச்சின்னத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். குலச்சின்னம் என்பது ஒரு குடும்பத்துக்கு உரிய, கேடய வடிவப் படம். யார் எதைப் பயன்படுத்தலாம் என்று சரிபார்க்க அரசவையின் குலச்சின்ன அதிகாரிகள் 1530 முதல் 1688 வரை கவுண்டி கவுண்டியாகச் சுற்றிப் பதிவு செய்தார்கள். கணவன் மனைவி இருவரின் சின்னங்களையும் ஒரே கேடயத்தில் சேர்ப்பதுண்டு. பார்ப்பவரின் இடப்பக்கம் கணவனுடையது, வலப்பக்கம் மனைவியுடையது. ஆக, தேவாலய ஜன்னலில் இப்படி ஒரு கேடயம் இருந்தால் எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் நடந்தது, பெரும்பாலும் யார் அந்த ஜன்னலுக்குப் பணம் கொடுத்தார்கள், ஏறத்தாழ எந்தத் தலைமுறையில் என்று சொல்லிவிடலாம். எழுத்தே இல்லாத ஓர் ஆவணம் அது. கண்ணாடி உடைந்துபோனால், அதைப் பார்த்து வரைந்த பாதிரியாரின் கையகல ஓவியம்தான் மிச்சம்.

உடைந்த கண்ணாடிக்குத் தேதி கண்டுபிடிப்பது

இப்போது இந்தக் காகிதங்கள் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். கேம்பிரிட்ஜ்ஷயருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஷெப்ரெத் என்ற ஊரில் வாழ்ந்த ஜான் லேயர் என்ற வழக்கறிஞர் 1632 வாக்கிலேயே அந்தக் கவுண்டியின் தேவாலயங்களில் இருந்த சின்னங்களையும் எழுத்துகளையும் குறித்து வைத்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். 1643 டிசம்பரில், தேவாலயங்களில் உள்ள உருவங்களை அழிக்கும்படி நாடாளுமன்றப் படையின் தளபதியான மான்செஸ்டர் பிரபு வில்லியம் டவ்சிங் என்பவருக்கு ஆணை கொடுத்தார். கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் சுமார் 250 இடங்களுக்குப் போன டவ்சிங், எங்கே எதை உடைத்தார் என்று நாட்குறிப்பு வேறு எழுதினார். அந்த நாட்குறிப்பின் மூலமே இன்று இல்லை. அதையும் பிற்காலப் படிகள் வழியாகத்தான் படிக்கிறோம்.

நூறு வருடம் கழித்து, 1742-இலிருந்து 1782 வரை, அதே தேவாலயங்களுக்கு கோல் போகிறார். அவருக்குப் பின், விக்டோரியா அரசி காலத்தில், புதுப்பிக்கிறோம் என்று சொல்லித் தேவாலயங்களின் உள்பகுதிகளைப் பெரிதாக மாற்றினார்கள். தரைக் கற்கள் பெயர்க்கப்பட்டன, பழைய கண்ணாடிகள் எடுக்கப்பட்டன.

இந்த நான்கையும் வரிசையில் வையுங்கள். லேயர் குறித்த ஒரு சின்னம் கோலின் குறிப்பில் இல்லையென்றால், அது இடைப்பட்ட நூறு வருடத்தில் போயிருக்கலாம். அந்த ஊர் டவ்சிங்கின் நாட்குறிப்பிலும் இருந்தால் சந்தேகம் அவர் பக்கம் சாயும். ஆனால் அவர் முக்கியமாகத் தேடியது புனிதர்களின் உருவங்களையும் ஜெபம் கேட்கும் வாசகங்களையும். குடும்பச் சின்னங்களை அல்ல. ஆகவே உடனே அவர்மேல் பழி போட்டுவிடவும் முடியாது. கோல் பார்த்த ஒன்று இன்று இல்லையென்றால், அவருக்குப் பிந்தைய காலத்தில், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுப்பிப்பில், போயிருக்கவேண்டும். கல்லும் கண்ணாடியும் எப்போது மறைந்தன என்பதை இப்படி வெறும் காகிதங்களை ஒப்பிட்டே சொல்ல முடிகிறது.

லேயர், கோல் இருவரின் குறிப்புகளையும் ஊர்வாரியாக ஒன்றாகச் சேர்த்து, லின்டனில் மருத்துவராக இருந்த டபிள்யூ. எம். பால்மர் 1932-இல் ஒரு நூலாகக் கொண்டுவந்தார். இந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்தாலே மரியாதை வருகிறது.

ஆவணங்களுக்கும் இதே கதைதான். 1731-இல் லண்டனில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பிடித்து, ராபர்ட் காட்டன் சேர்த்த கையெழுத்துச் சுவடிகள் பல எரிந்தன. எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் 991-இல் நடந்த மால்டன் போரைப் பற்றிய பழைய ஆங்கிலக் கவிதையின் ஒரே சுவடி அதில் போயிற்று. அதற்கு முன்பே யாரோ பொறுமையாக ஒரு படி எடுத்து, அது 1726-இல் அச்சாகியிருந்ததால் 325 வரிகள் நமக்கு மிஞ்சின. மூலம் இருக்கும்வரை படிக்கு ஒரு நகல் என்ற மதிப்புதான். மூலம் போனதும் அதுவே சாட்சி ஆகிவிடுகிறது.

படியில் தவறு எங்கே நுழையும்?

நம்பலாம் என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. தேதியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1752-க்கு முன்பு சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. டிசம்பர் 1643-க்கு அடுத்த மாதம் அவர்கள் கணக்கில் ஜனவரி 1643. நம் கணக்கில் ஜனவரி 1644. படியெடுப்பவர் அப்படியே எழுதினாரா, தன் காலத்துக்கு மாற்றினாரா என்று தெரியாவிட்டால் ஒரு வருடம் தவறிவிடும். தந்தை இறந்து ஒரு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்ததாக வம்சாவளிகளில் வரும் விநோதங்களில் சில இப்படி வந்தவைதான். பல சாசனங்களில் வருட எண்ணே இருக்காது. இந்த அரசரின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும். அதைக் கணக்கிடும்போதும் சறுக்கலாம்.

லத்தீன் ஆவணங்களில் சொற்களைச் சுருக்கி, மேலே ஒரு கோடு போட்டு விடுவார்கள். அதை விரிக்கும்போது ஊர்ப்பெயர் மாறிவிடும் வாய்ப்பு உண்டு. கல்லில் தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்புவதும் உண்டு.

சொந்தக் குறிப்புகளுக்கு அளவுகோல் வேறு. கோல் பழைமைவாத டோரி கட்சி ஆதரவாளர். கத்தோலிக்கத்தின்மேல் அவருக்கிருந்த பரிவைப் பார்த்து நண்பர்கள் "கார்டினல் கோல்" என்று அழைத்தார்கள். ஆங்கிலத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன குழுக்களை அவருக்குப் பிடிக்காது. அவர்களில் ஒருவரைப் பற்றி அவர் எழுதிய குணச்சித்திரத்தை அந்த மனிதரைப் பற்றிய தகவல் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். கேம்பிரிட்ஜில் அன்று யார் யாரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. அதே பக்கத்தில் அவர் எடுத்த கல்லறைப் படியை அவருடைய அரசியல் கெடுத்துவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

சுருக்கமாக: படி என்றால் மூலத்தை எப்படிப் படித்தார் என்று கேளுங்கள். சுருக்கம் என்றால் எதை விட்டிருப்பார் என்று கேளுங்கள். குறிப்பு என்றால் அவருக்கு எப்படித் தெரியும், யார்மேல் கோபம் என்று கேளுங்கள்.

இறந்த பிறகு காகிதங்களின் பயணம்

ஒரு தொகுப்பு யார் யார் கைக்குப் போனது என்பதைக் கைமாறிய வரலாறு என்பார்கள். அது தெரியாமல் தொகுப்பை எடைபோட முடியாது. நார்ஃபோக் கவுண்டியைப் பாருங்கள். குலச்சின்ன அதிகாரியாக இருந்த பீட்டர் லெ நீவ் அந்தக் கவுண்டியைப் பற்றி நிறையச் சேர்த்து 1729-இல் இறந்தார். அவருடைய மனைவியை மறுமணம் செய்த தாமஸ் மார்ட்டின் கைக்குக் காகிதங்கள் வந்தன. அவர் வழியாக அவற்றைப் பயன்படுத்தியவர் ஃபெர்ஸ்ஃபீல்டு பாதிரியார் பிரான்சிஸ் புளோம்ஃபீல்டு. இவர் தன் வீட்டிலேயே அச்சு இயந்திரம் வைத்து நார்ஃபோக் வரலாற்றை அச்சிட்டார். 1735-இல் ஆக்ஸ்நெட் மாளிகையின் ஆவண அறையில், பாஸ்டன் என்ற நார்ஃபோக் குடும்பத்தின், பிற்காலத்தில் புகழ்பெற்ற பதினைந்தாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் பார்த்தவரும் இவர்தான். 1752-இல் அம்மை கண்டு இறந்தார். மிச்சத்தை முடித்தவர் சார்ல்ஸ் பார்க்கின் என்ற இன்னொரு பாதிரியார். அட்டையில் ஒருவர் பெயர்; உள்ளே குறைந்தது மூன்று பேரின் கை.

டார்செட் கவுண்டியின் வரலாறு ஒரு பெண்ணின் துணிச்சலால் பிழைத்தது. 1762-இல் வேர்ஹாம் ஊரே தீப்பற்றி எரிந்தபோது, பாதிரியார் ஜான் ஹட்சின்ஸின் காகிதங்களை அவருடைய மனைவிதான் உயிரைப் பணயம் வைத்து எடுத்துக் காப்பாற்றினார். ஹட்சின்ஸ் 1773-இல் இறந்தார். நூல் அடுத்த வருடம் வெளியானது.

கோல் தன் தொகுதிகளை எங்கே கொடுப்பது என்று வெகுநாள் தடுமாறினார். கிங்ஸ் கல்லூரிக்குக் கொடுப்பதும் குதிரை குளிக்கிற குட்டையில் எறிவதும் ஒன்று என்று வால்போலுக்கு எழுதினார். கிரேக்கமும் லத்தீனும் தவிர வேறெதையும் அங்கே மதிக்கமாட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதி வைத்தார், தான் இறந்து 20 வருடம்வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதில் பேசப்படுபவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். 1803-இல்தான் தொகுதிகள் வாசகர்களுக்குத் திறந்தன. இந்த நிபந்தனையே ஒரு தகவல்: வெளியே தெரியாது என்ற தைரியத்தில் எழுதியதால் அவர் மனதில் பட்டதை மறைக்கவில்லை. காதில் விழுந்ததைச் சரிபார்க்கவேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருக்கவில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

கோலின் தொகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில், அடிஷனல் மேனுஸ்கிரிப்ட்ஸ் (கூடுதல் கையெழுத்துச் சுவடிகள்) வரிசையில், பெரும்பாலும் 5798 முதல் 5887 வரையிலான எண்களில் இருக்கின்றன. 1899-இல் தொடங்கி இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கும் விக்டோரியா கவுண்டி வரலாற்றுத் திட்டத்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் தொகுதிகளைப் புரட்டினால், தேவாலயப் பகுதிகளின் அடிக்குறிப்புகளில் இந்த எண்கள் வரும். அங்கே நின்று, அந்த வாக்கியம் கோல் கண்ணால் பார்த்ததா, படியெடுத்ததா, கேள்விப்பட்டதா என்று பாருங்கள். கையெழுத்துச் சுவடியை நேரடியாகப் பார்க்கமுடியாதவர்கள் பால்மரின் 1932 நூலிலிருந்தே தொடங்கலாம். முழுத் தொகுப்பிலும் எது எங்கே இருக்கிறது என்று அறிய 1912-இல் ஜி. ஜே. கிரே வெளியிட்ட அட்டவணை உதவும். கோல் என்ற மனிதரின் அன்றாடம் தெரியவேண்டுமென்றால், 1765 முதல் 1767 வரை பிளெட்ச்லியில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1931-இல் தனி நூலாக வந்திருக்கிறது. வரலாற்றுப் பின்னணி எதுவும் தெரியாமலேயே அதைப் படிக்கலாம்.